வரிசையில் நின்ற கெசியா

கெசியா திரப் என்பவளுக்கு யார் முன்னாலும் குனிந்து பழக்கமில்லை. குளாஸ்டர் பக்கம் ஒரு பண்ணையில் பால் கறந்தவள். பாலாடைக்கட்டி ஒன்றைப் பாவாடைக்குள் ஒளித்ததற்கு கடல் தாண்டிக் கைதிகள் குடியேற்றத்தில் ஏழு வருஷத் தண்டனை. எனக்கும் ஏழுதான். ஒரே கப்பலில், ஒரே பலகையில் படுத்து வந்தோம்.

ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் ஒரு துரை வீட்டு வேலைக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே மரம் அறுக்க வந்த ஜேபஸோடு மனசு ஒத்துப்போயிற்று. அவன் தண்டனை முடிந்தவன். ஆனால் இவள் கட்டிக்கொள்ள எஜமான் கையெழுத்து வேண்டுமே! துரை வீட்டு வெண்ணெய்க்குச் சந்தையில் நல்ல பெயர். அது கெசியாவின் கை. விடுவாரா?

"தண்டனை முடியட்டும், பாக்கலாம்."

"இன்னும் நாலு வருஷம் இருக்குங்க ஐயா."

"அதுவரைக்கும் என் மாடுகளைக் கட்டிக்கிட்டு அழு."

பரமட்டா பெண்கள் சிறையில் இருப்பவளுக்கு எஜமான் கிடையாது. கட்டிக்கொள்ளப் பெண் தேடி வரும் ஆண்கள் முன்னால் எங்களை வரிசையாக நிறுத்துவார்கள், சம்மதித்தவளைக் கூட்டிப்போகலாம். கெசியா ஜேபஸை அங்கே வரச் சொல்லியனுப்பிவிட்டு, வேண்டுமென்றே துரையின் நாற்காலியில் சாய்ந்து அவருடைய தேநீரைக் குடித்தாள். அவர் கத்தியதும், "சர்க்கரை பத்தல" என்றாளாம்.

துரை புகார் கொடுக்க, பரமட்டா சிறையில் மூன்று மாதம் கடுந்தண்டனை. தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள். நானும் அப்போது அங்கேதான் கல் உடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, இந்த மண்டைய எவன் பாப்பான்?"

"முடியப் பாத்து வர்றவன்னா போய்த் தொலையட்டும்."

மூன்று மாதம் முடிந்து வரிசையில் நின்றோம். ஜேபஸ் வந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டான்! அவளைக் கிள்ளினேன்.

"கூப்பிடுடி!"

"மாட்டேன்."

கடைசிவரை போனவன் திரும்பினான். அவள் முறைத்த முறைப்பில்தான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஓடி வந்து எதிரே நின்றான்.

"இவ போதுமா உனக்கு?" என்றாள் சிறைக் காவலம்மா.

"அவனை அப்புறம் கேளுங்க. முதல்ல என்னைக் கேளுங்க" என்றாள் கெசியா.

காவலம்மாவுக்கு முகம் சிவந்தது. "சரி, இவன் போதுமா?"

"கண்ணைத் திறந்துக்கிட்டே தாண்டிப் போனான். இன்னொரு தடவை நடந்து வரட்டும், யோசிக்கிறேன்."

ஜேபஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முழு வரிசையும் நடந்தான். முப்பது பெண்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வந்து சேர்ந்தவன் கையை அவளே பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

சிரித்ததற்காக எங்களுக்கு அன்று சாப்பாடு கிடையாது என்றார்கள். அவர்களே தின்னட்டும்.