கேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த போன்

சூளகிரிப் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் போன் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. லேப்டாப் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. செக்யூரிட்டி அறையில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஷிப்டுக்கு வருகிறவர்கள் போனை அதில் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அப்படி ஒருநாள் லைன் லீடர் அக்காவின் போன் பெட்டியில் கிடந்தபோதுதான் ராயக்கோட்டையிலிருந்து அவருடைய தங்கை செய்தி அனுப்பியிருந்தார். ஷிப்டு முடிந்து அக்கா அதைப் படித்தபோது அவருடைய அப்பா உயிரோடு இல்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த என் மேசைக்கு நேராக வந்தார். வீட்டிலிருந்து அனுப்பும் அவசரச் செய்தி உற்பத்தி லைனில் இருக்கும் திரையில் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டார். மேனேஜரோ, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் அனுமதி என்றார். உட்கார்ந்து அதற்கான புரோகிராமை எழுதி முடித்தேன். என் லேப்டாப்பில் அது ஜோராக ஓடியது. நிஜப் போனில் ஓடுமா என்று பார்க்கத்தான் வழியில்லை.

ஒரு மாலை ஷிப்டு விட்டதும் கேட்டுக்கு அந்தப்பக்கம் அக்கா போனோடு நின்றார். இந்தப்பக்கம் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் மேனேஜரும். நான் மெயிலில் அனுப்பியிருந்த ஆப்பை அக்கா திறந்தார்; போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் பழசு என்று முணுமுணுத்தேன். அக்கா விடவில்லை.

"போன் மேல பழி போடாதீங்க தம்பி. மொதல்ல உங்க பொட்டியப் பாருங்க."

பார்த்தேன். மானம் போயிற்று. செய்தி போய்ச் சேர வேண்டிய முகவரியாக, 'இதே கருவி' என்று பொருள்படும்படி எழுதிவைத்திருந்தேன். லேப்டாப்பில் அது லேப்டாப்பைக் குறிக்கும். போனில் போனையே குறிக்கும். பாவம், அது தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. அக்கா போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தேன். அதற்குக் கிடைத்த முகவரி எண்ணை நான் சொல்லச் சொல்ல, அக்கா போனில் முகவரியை மாற்றினார்.

இன்று பெங்களூரில் என் மேசைமேல் சோதித்துப் பார்ப்பதற்கென்றே எட்டு போன்கள் கிடக்கின்றன. ஒயரைச் செருகினால் வேலை முடிந்தது. எதற்கும் மனசு அடித்துக்கொள்வதில்லை. அந்த கேட்டை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அன்று அக்கா முகவரியை மாற்றி முடித்ததும், ஏதாவது அனுப்புங்கள் என்றேன். 'டெஸ்ட்' என்று வரும் என நினைத்தேன். அக்கா போனில் எதையோ தேடி எடுத்து அனுப்பினார். அவருடைய தங்கை அன்றைக்கு அனுப்பிய செய்தி என் திரையில் வந்து விழுந்தது.

"அப்பா உன்னைக் கேக்கறாரு. சீக்கிரம் வா."

மேனேஜர் சரி என்று தலையாட்டினார். கம்பிகளுக்கு நடுவே திரையைப் பார்த்தபடி அக்கா சொன்னார்:

"பத்து செகண்டுகூட ஆவலியே தம்பி."