ஒத்தடத்துக்கு மசியாத புகார்

பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியில் துடிப்பவர்களை எல்லாம் "இதோ, அடுத்து நீங்கதான்" என்றே உட்கார வைக்கிறவள் அவள். இந்தத் திறமையை வீணாக்குவானேன் என்று, நூலகங்களுக்கு இலவச மென்பொருள் எழுதும் தன்னார்வக் குழு அவளை வளைத்துப் போட்டது. அவள் கணவர் அங்கே மூத்த நிரலாளர். வருடாவருடம் புதியவர்கள் விண்ணப்பிப்பார்கள். தேர்வானவர்கள் மூன்று மாதம் ஒரு வழிகாட்டியிடம் உதவித்தொகையோடு வேலை பழகலாம். தேர்வாகாதவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களைச் சமாளிப்பது அவள் பொறுப்பு.

அவளுடைய பதில் எப்போதும் "உங்கள் ஆர்வம் எங்களை நெகிழ வைத்தது" என்றுதான் ஆரம்பிக்கும். வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுவார்கள். இடம் மட்டும் கிடைக்காது. குழுவில் அவளுக்கு ஒத்தடம் அக்கா என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வருடம் வந்த புகார் கணவர் மேல். விண்ணப்பிக்கிறவர்கள் மாதிரிக்கு ஒரு சின்ன வேலை செய்து காட்ட வேண்டும் என்பது குழுவின் வழக்கம். பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டுவிட்டு, திரும்பி வர வழி தேடிக்கொண்டிருந்த ஒரு பெண், ஆர்வக்கோளாறில், புத்தகம் தேடும் பக்கத்துக்கென்று ஒதுக்கியிருந்த மூன்று மாத வேலையையும் அப்போதே முடித்துக் கொடுத்துவிட்டாள். கணவர் வாயாரப் பாராட்டினார். அதை மென்பொருளில் சேர்த்தார். பிறகு, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று அந்த இடத்தையே ரத்து செய்தார். மகா புத்திசாலி!

புகார் ஒரே வரி: "சீக்கிரம் முடித்தது தப்பென்றால், அடுத்த வருடம் எவ்வளவு மெதுவாகச் செய்யட்டும்?"

வழக்கம்போல நெகிழ்வில் ஆரம்பித்தாள். கை ஓடவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவரிடம் போனாள்.

"அந்தம்மா என்ன தப்பு பண்ணினாங்க?"

"தப்பே இல்லம்மா, பிரமாதமான ஆளு. ஆனா வேலை தீர்ந்துபோச்சே. மூணு மாசம் அவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்ப அவங்க செஞ்சதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"அதெப்படி? எல்லா நூலகத்துக்கும் போயாச்சு. ஜோரா ஓடுது."

"வேலை வேணும், ஆள் வேண்டாமா?"

கணவர் ஒரே டம்ளரை வெகு நேரம் தேய்த்தார்.

"நீயாவது எனக்கு சாதகமா எழுதக் கூடாதா?"

"வீட்டு ஆள் மேல வந்த புகாரை நான் தொடவே கூடாது. நாளைக்குக் குழுவுல வேற ஆளுங்க விசாரிப்பாங்க. இதே கேள்விதான் கேப்பாங்க. 'உங்கள் ஆர்வம் எங்களை நெகிழ வைத்தது'ன்னு சொல்லிப் பாருங்க."

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"புத்தகம் இரவல் குடுக்கற பக்கம் பாடாவதியாக் கிடக்கு. அதைச் செய்வாங்களான்னு கேக்கறேன். ரத்து பண்ணினதை நானே வாபஸ் வாங்கிடறேன், போதுமா?"

"அதையும் ஒரே வாரத்துல முடிச்சுட்டாங்கன்னா?"

"அடுத்ததைத் தேடறேன். ஆளை விடு தாயே!"

அவர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துக் கடிதம் போட்ட பிறகு, இனி விசாரிக்க ஒன்றும் இல்லை, பதிலை நீங்களே அனுப்பிவிடுங்கள் என்று குழு அவளிடம் சொல்லிவிட்டது. புகாரை முடித்து வைக்க அவள் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் ஒத்தடம் கொடுத்து அனுப்பியவர்களில் எத்தனை பேருடைய வலி நியாயமானதோ என்று நினைத்துக்கொண்டாள். நெகிழ்வு, ஆர்வம் ஒன்றும் இல்லாமல் எழுதினாள்:

"மெதுவாகச் செய்யவே வேண்டாம். தப்பு எங்களுடையது."