அந்த அருவிக்கு வழி சொல்ல மாட்டேன்

போன வருடம் கல்வராயன் மலையில் இருக்கும் ஓர் அருவியைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். இந்தத் தளத்திலேயே அதிகம் பேர் படித்த பதிவு அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே போனேன். இந்த முறை குளிக்க அல்ல, வழி மறிக்க.

காரணம் எங்கள் குடும்ப டாக்டர். கள்ளக்குறிச்சியில் இருபது வருடமாக கிளினிக் வைத்திருக்கும் பெண்மணி. யார் எந்த நோயோடு போனாலும் "எங்க தண்ணி புடிக்கிறீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். காய்ச்சல் என்று போன என்னிடம் அந்த நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரே மலைக் கிராமம், எல்லாம் சின்னப் பிள்ளைகள், எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு. வந்ததெல்லாம் செவ்வாய், புதன்.

"ஞாயித்துக்கிழமை மேல குளிக்கிறாங்க. கீழ அதத்தான் குடிக்கிறாங்க. ஊருக்கெல்லாம் வழி சொன்னது நீங்கதான? வந்து பாருங்க" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காலை 5.30க்கு அவருடைய காரில் கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் டீ, இரண்டுக்கும் முப்பது ரூபாய். பிறகு மலை ஏற்றம். 7.40க்கு தார் ரோடு முடிந்தபோது மீட்டரில் 54 கி.மீ. அங்கிருந்து இரண்டு கி.மீ. நடை. போன வருடம் இந்த நடையைத்தான் சொர்க்கம் என்று எழுதினேன்.

ஓடையோரம் முழுக்க ஷாம்பு பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், குழந்தைகளின் டயப்பர். பாறை மறைவில் இருந்ததை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். அதற்கு முந்நூறு அடி கீழே ஓடையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகியிருக்கிறார்கள். ஊருக்கே அதுதான் குடிநீர்.

குழாயடியில் அஞ்சலை நின்றிருந்தார். அவருடைய மூன்று வயது மகன் கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்து வந்தவன். "கொதிக்க வெச்சுக் குடிக்கலாமே" என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

"வெச்சிக்கினுதான் சார் இருக்கோம். ஆடிக்கினு இருக்கிற புள்ள குழாயில வாய வெச்சா இன்னா பண்றது? எங்கள கொதிக்க வெக்கச் சொல்றீங்களே, மேல போறவங்கள கழுவாதீங்கன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை.

டாக்டரும் அஞ்சலையும் இன்னும் நாலு பெண்களும் பாதையை அடைத்து உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி, நிழலில். 10.15க்கு வேனில் வந்த எட்டு பேர் துண்டும் சோப்புமாக ஏறி வந்தார்கள்.

"யாரு நீங்க, ஃபாரஸ்ட்டா?" என்றான் முன்னால் வந்தவன்.

"டாக்டர்."

"டாக்டருக்கு இங்க இன்னா வேலை?"

"எனக்கு வேலை வரக் கூடாதுன்னுதாம்பா உக்காந்துக்கினு இருக்கேன்."

அவன் போனை எடுத்து சத்தமாகப் படித்தான்: "கட்டணம் கிடையாது, தடை கிடையாது, கேட்க ஆளும் கிடையாது." என் பதிவு. என் வரி. படித்துவிட்டு, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்பது போல நின்றான்.

நிழலை விட்டு எழுந்தேன். "அத எழுதுனது நான்தான். கேக்க ஆள் இருக்கு. கெளம்புங்க."

மதியம் இரண்டு மணிக்குள் நாலு கும்பல் திரும்பிப் போனது. திட்டுக்குப் பஞ்சமில்லை. வாங்கிக்கொண்டேன், எனக்குச் சேர வேண்டியதுதான்.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். "இந்த வாரம் யாரும் வரல. ஒரு வாரத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு ரெடியா இருங்க" என்றார் டாக்டர்.

பழைய பதிவையும் மேப்பையும் நீக்கிவிட்டேன். 'லொகேஷன் ப்ளீஸ்' என்று கேட்பவர்களுக்குப் பதில்: தர மாட்டேன். மலையைப் பார்க்க தாராளமாக வாருங்கள். கள்ளக்குறிச்சியிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். எங்கே தண்ணீர் ஓடினாலும், காலை வைக்குமுன் கீழே யாராவது குழாய் சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை, அந்த அருவியைத் தேடிக் கண்டுபிடித்தே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பாதையில் ஏழு பேர் உட்கார்ந்திருப்போம். முதல் ஆள் நான்.