நாற்பத்தொரு பித்தவெடிப்புகள்

1. பத்தொன்பது படிகள்

ராயபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த போட்டோ ஸ்டூடியோவுக்கு மாடிப்படி பத்தொன்பது. முதல் நாள் ஏறிப் போய் நின்றபோது அதை நடத்திய மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்.

"வலது கால்ல அழுத்தி நடக்கீரு. இடுப்பு வலி உண்டோ?"

உண்டு. அதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

மாஸ்டருக்குத் தூத்துக்குடிப் பக்கம். முன் அறையில் கல்யாண ஜோடிகள், பாஸ்போர்ட் படங்கள். பின் அறையில் பாதங்கள் மட்டும். பெண்களின் பாதம், கணுக்கால், அதில் ஏறிய ஷூ. அதற்கு மேலே கேமரா போகாது. விவரம் தெரிந்து சம்மதித்து வந்த நாடகக்காரப் பெண்கள்தான் படத்துக்கு நிற்பார்கள். துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்காரர்கள் சிலர் வாங்குவார்கள். இந்த ரகத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நாங்கள் 'உள் வேலை' என்போம். மாஸ்டர் வெறும் வியாபாரத்துக்காக அதை எடுக்கவில்லை. பாதங்களின் மேல் அவருக்கே ஒரு பித்து இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

நான் ரீடச்சிங் ஆள். நெகட்டிவின் மேல் பென்சில் பிடிக்க மீடியம் என்ற பசையைத் தடவி, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக அடைக்க வேண்டும். பிரிண்டில் அந்த இடம் வெளுத்து மறைந்துவிடும். ஒவ்வொரு புள்ளியையும் எண்ணுவேன். எண்ணாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. அதனால் மாஸ்டர் என்னை 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

2. குறைந்துகொண்டே வந்த புள்ளிகள்

ஆரம்பத்தில் வெல்வெட் மெத்தை, குதிகால் உயர்ந்த ஷூ, மூன்று பக்கமும் விளக்கு. நிழலே விழாது. ஒரு ஜோடிப் பாதத்துக்கு நூற்றெண்பது புள்ளி வைப்பேன். படம் மெழுகில் வார்த்த மாதிரி வரும்.

இரண்டு வருஷம் கழித்து மெத்தை போயிற்று. துறைமுகத்திலிருந்து ஈரக் கயிறு வந்தது. கணுக்காலில் அதைச் சுற்றி, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, தோலில் பதிந்த தடத்தை மட்டும் எடுத்தார்.

"ஏன் மாஸ்டர் கயிறு?"

"அழுத்தினாத்தான்வே தோல் பேசும். அந்தத் தடத்துல பென்சில் வைக்கப்படாது."

நூற்றெண்பது அறுபதாயிற்று. படங்கள் என்னைத் தூங்கவிடாத அளவுக்கு நன்றாக இருந்தன. அறுபது என்ற எண்ணும் என்னைத் தூங்கவிடவில்லை.

3. ஒரே பிளேட்

எங்கள் தெருவில் மீன் விற்ற அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். ஒருநாள் மாஸ்டர் அவளை வாசலில் நிறுத்தி, காலைப் படம் எடுக்கவேண்டும் என்றார்.

"காலா? மூஞ்சி இன்னா நைனா, கலீஜாவா கீது?"

"மூஞ்சிய எவனும் எடுப்பான்."

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "மூஞ்சி வராதுன்னா சரி. வந்துச்சுன்னா வூட்ல பேஜாராயிடும். ஆனா எனக்கு ஒரு படம் குடுக்கணும்."

மாடிக்கு வந்தவள் காலைக் கழுவத் தண்ணீர் கேட்டாள். மாஸ்டர் தரவில்லை. விளக்கும் போடவில்லை. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய காலை வெளிச்சத்தில், வெறும் பலகைத் தரையில், முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். ஒரே ஒரு கண்ணாடி பிளேட் எடுத்தார்.

கழுவிய நெகட்டிவை என்னிடம் கொடுத்து, "அப்படியே பிரிண்ட் போடும். பென்சில் வேண்டாம்" என்றார்.

அறுபது பூஜ்யமாயிற்று. வீட்டில் என்னோடு சேர்த்து ஏழு வயிறு. பென்சில் வேண்டாத ஸ்டூடியோவுக்கு நான் எதற்கு? திங்கட்கிழமை ஒரு கப்பல் இன்ஜினீயர் படம் வாங்க வருவதாக இருந்தது. சுத்தமான பாதத்தைக் கண்டு அவர் ஆசையாக வாங்கினால் மாஸ்டரும் பழைய வழிக்குத் திரும்புவார் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மாதா கோயில் பூசைக்குப் போனதும் பென்சிலைத் தீட்டினேன். குதிகால்களில் நாற்பத்தொரு வெடிப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளியில் அத்தனையையும் அடைத்துப் பிரிண்ட் போட்டேன்.

மாஸ்டர் திரும்பி வந்து பார்த்தார்.

"இது யாரு காலுவே?"

"அஞ்சலை கால்தான், மாஸ்டர்."

"இல்ல."

டர்பன்டைன் புட்டியையும் பஞ்சையும் என் முன்னால் வைத்தார். "நீரே துடையும்."

நெகட்டிவில் இருந்த பென்சிலை எல்லாம் துடைத்தேன். அவர் நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுபடி பிரிண்ட் போட்டு டெவலப்பரில் விட்டேன். முதலில் தரைப்பலகை கறுத்தது. அடுத்து வெடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பிறகு நரம்பு, குதிகாலுக்கு மேல் உப்பு காய்ந்த கோடு. கடைசிவரை வெள்ளையாக நின்றது கணுக்காலில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதில். அந்த இரண்டு கால்களும் எவ்வளவு தூரம், எவ்வளவு பாரத்தோடு நடந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன். நொடி எண்ணாமல் நான் டெவலப் செய்த பிரிண்ட் என் முப்பத்தாறு வருஷ வேலையில் அது ஒன்றுதான்.

"வேலை போயிரும்னு பயந்தீரோ?" என்றார் மாஸ்டர்.

தலையாட்டினேன்.

"பென்சில் வைக்க ஊருல நூறு பேர் கிடைப்பான். எங்கே வைக்கப்படாதுன்னு தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும். இன்னைக்குத் தெரிஞ்சிட்டீருல்லா. இரும்."

4. அஞ்சலை பார்த்தது

இன்ஜினீயர் வந்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஷூ எங்கே என்று கேட்டு, வேண்டாமென்று போய்விட்டார். மாஸ்டர் கவலைப்படவில்லை. அதற்குப் பின் அந்த அறைக்கு மெத்தையும் கயிறும் வரவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கை வைக்குமுன் தொடக்கூடாத இடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த எண்ணிக்கையும் முதல் தடவை தப்பிப்போனது.

அஞ்சலை தன் பிரதியை வாங்கிக்கொள்ள வந்தாள். கூடையை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நாற்பத்தொரு வெடிப்பு" என்றேன், சும்மா இருக்கமுடியாமல்.

"எண்ணிக்கினு வேற இருந்தியா?" என்று சிரித்தவள், படத்தில் விரலை வைத்தாள். "இத்த உட்டுட்ட பாரு. கட்டுமரம் தள்ளச்சொல்லோ கீறினது."

நிழல் என்று நினைத்து நான் விட்டிருந்த இடம் அது. அந்த ஒன்றை மட்டும் என் பென்சில் தொட்டிருக்கவில்லை.