முள்ளுத்தேங்காய்ச் சரிவில் ஒரு பீலி

காலை 7.10, அம்பிட்டிய.

ஜீப்பின் கதவைத் திறந்ததும் ரப்பர் ஷீட்டின் நாற்றம் முகத்தில் அடித்தது. புகையும் புளிப்பும் கலந்த நாற்றம், ஈரத் துணியை அடுப்புக்கு மேல் காயப்போட்டதுபோல. சேறு படியாமலிருக்கச் சாரதி ஹனீபா இரண்டு ஷீட்டுகளைக் கால்மாட்டில் விரித்திருந்தார். ரப்பர் பால்வெட்டு முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் இதே நாற்றம்தான் இருக்கும். கலவரத்தில் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் தீ வைத்தபோது வவுனியாவுக்கு லொறி ஏறினோம். எங்களோடு வந்த உடைமை அந்தச் சட்டை ஒன்றுதான், அதுவும் அவர் உடம்பில் கிடந்ததால்.

"மணக்குதா சேர்? அக்குறணைல மச்சான்ட கடையில எடுத்த. மூணு தரம் கழுவியும் போகுதில்ல" என்றார் ஹனீபா.

"பரவாயில்லை" என்றேன். அது போகாது என்று எனக்குத் தெரியும்.

முன்னிருக்கையில் சிவநேசன். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் என் அறைத்தோழன். ஊர் யாழ்ப்பாணம். பழைய ரப்பரைப் பிடுங்கிவிட்டு எண்ணெய்ப்பனை நட எந்த நிலம் தகும், எது தகாது என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுப்பது இப்போது அவன் வேலை. தோட்டத்து மக்கள் அந்த மரத்தை முள்ளுத்தேங்காய் என்கிறார்கள். கொழும்பில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருக்கும் என்னை, "வாவன், நீ பிறந்த பக்கம்தானே, பார்த்து எழுது" என்று அழைத்தவன் அவன். என் எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது. நான் பிறந்த சரிவுக்கு இவன் எனக்கு வழி காட்டுகிறான்.

8.00, பேராதனைப் பாலம்.

சோதனைச் சாவடி. சிவநேசனின் அரசாங்கக் கடிதத்தைப் பார்த்த சிப்பாய் நிமிர்ந்து நின்றான். வவுனியாவில் எடுத்த என் அடையாள அட்டையை வெயிலுக்குப் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் கேட்டான். தற்போதைய முகவரி கேட்டான். கீழே மகாவலி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது, அதனிடம் எவரும் ஒன்றும் கேட்காமல்.

"மூணு பேரும் தமிழ்தான் பேசுற. ஒங்கட ஐடென்டிக் காட்டுக்கு மட்டும்தான் இவ்வளவு நேரம்" என்று கியரை மாற்றினார் ஹனீபா. "மொகத்த கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சிக்கோங்க சேர்."

"அவன் கம்பஸிலயும் இப்பிடித்தான். கவிதை வாற முகம்" என்றான் சிவநேசன்.

கவிதை அவனுக்குத்தான் வந்தது. வளாகத்தில் நாங்கள் இருவரும் எழுதினோம். மார்கழி மழையைப் பற்றி அவன் எழுதிய நான்கு வரிகளை இன்றும் என்னால் ஒப்புவிக்க முடியும், என்னுடையதில் ஒன்றையும் முடியாது. வேலை கிடைத்த மறுமாதமே அவன் எழுதுவதை விட்டான், சைக்கிளை விற்பதுபோல. நானோ இந்த வயதுவரை ஆறுகளையும் அருவிகளையும் எழுதிக்கொண்டே இருக்கிறேன். என் ஒரு வரிக்காக எங்கேயும் ஒரு மண்வெட்டி நின்றதில்லை. அவன் பச்சைப் பேனையால் 'தகாது' என்று ஒரு சொல் எழுதினால், ஒரு மலைமுழுதும் வெட்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன.

9.15, கடுகண்ணாவை. கண்டியிலிருந்து பதினாறு கிலோமீற்றர்.

பள்ளத்தாக்கைப் பார்த்த கடையில் பிளேன்டீ குடித்தோம். ஒன்று எட்டு ரூபாய், கருப்பட்டித் துண்டு அதற்குள் அடக்கம். சிவநேசன் படிவத்தை மேசையில் விரித்து எனக்கு விளக்கினான். காட்டைத் தொடக்கூடாது. செங்குத்தில் நடக்கூடாது. ஓடைக்கும் குடிநீருக்கும் சுற்றிவர முப்பது மீற்றர் நடாமல் விடவேண்டும்.

"மரம் தண்ணியைக் குடிச்சுப்போடும் எண்டு சனம் பயப்பிடுது. பயத்தில நியாயம் இருக்கு. ஆனா நாட்டுக்கு எண்ணெயும் வேணும். ஒழுங்கா நட்டால் ரெண்டும் தப்பும். அந்த ஒழுங்குக்காகத்தான் இந்தக் கடதாசி" என்றான்.

அவன் அதை நம்பினான். அதுவும் என்னை அரித்தது. இத்தனை சாவுகள் நடக்கும் நாட்டில், ஒரு படிவத்தை நம்பி, முப்பது மீற்றரை நாடாவால் அளக்க ஒரு மனிதனால் முடிகிறது.

10.30, தோட்டம்.

மாவனெல்லைச் சாலையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் உள்ளே, குண்டும் குழியுமாக. பால் வற்றிய ரப்பர் மரங்கள் தழும்பேறி நின்றன. சரிவின் அடியில் ஒரு லயம், வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அறைக்கு ஒரு குடும்பம். நான் பிறந்தது இதற்கு அடுத்த மலை. இறங்கியதும் யாராவது அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நெற்றியில் சுமைக்கயிற்றின் தடம் பதிந்த ஒரு பெண் வந்து சிவநேசனைக் கும்பிட்டாள். பாக்கியம் என்று பெயர் சொன்னாள். அவனுக்கு உட்காரக் கதிரை வந்தது. எனக்கும் வந்தது, சற்றுப் பிந்தி.

"இந்த ஐயா யாருங்க, கிளாக்கரா?" என்றாள்.

"அவர் எழுத்தாளர்" என்றான் சிவநேசன்.

"அதான் கேட்டேங்க, கிளாக்கரான்னு."

ஹனீபா மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவநேசன் படிவத்தைத் திறந்தான். குடும்பம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை. பிறகு கேட்டான்: "இந்தச் சரிவில குடிதண்ணிக் கிணறு ஏதும் இருக்கோ, அம்மா?"

"கெணறா? அதெல்லாம் இங்க ஏதுங்க."

லயத்தின் முகப்பில் ஒரு குழாய் நின்றது. அவன் அதைப் பார்த்துத் தலையசைத்தான். 'குடிநீர் மூலம்: சரிவில் இல்லை' என்று பச்சை மையில் விழுந்தது.

யாழ்ப்பாணத்துக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. போரில் பாதை மூடிக்கிடக்கும் அவன் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வீட்டைவிடக் கிணற்றைத்தான் முதலில் சொல்வான். மலையிலோ நிலத்தைத் தோண்டித் தண்ணீர் தேடியவன் இல்லை. பாறை கசியும் இடத்தில் மூங்கிலையோ தகரத்தையோ செருகிவிட்டால் அது பீலி. குளிக்க, குடிக்க, சண்டை பிடிக்க, எல்லாம் அங்கேதான். பிழையை நான் அந்த நொடியே கண்டேன், என் தொழில் அது. வாயைத் திறக்கவில்லை.

11.30.

சிவநேசன் சரிவின் சாய்வை அளக்கக் கிழக்கே போனான். நான் பன்னப் பெரணி படர்ந்த மலைமடிப்பு வழியே ஏறினேன். கால்கள் தாமாகவே போயின. வளைந்த தகரத்திலிருந்து விரல் தடிப்பில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பாக்கியம் குடத்தை வைத்துக் காத்திருந்தாள். சுற்றிவர, குழி வெட்டுவதற்கான முளைகள் அடித்தாகிவிட்டன. ஒன்று பீலியிலிருந்து நாலு எட்டு வைக்கும் தூரத்தில் நின்றது.

"கொழாயில தண்ணி வராதா?"

"மழைக்கு வரும், வெயிலுக்கு வராது. பன்னெண்டு வீட்டுக்கும் இதாங்க. அந்த ஐயாகிட்ட சொல்லி இத விட்டுடச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"அவுக கெணறுதானே கேட்டாக."

சொல்கிறேன் என்றேன். குடத்தை இடுப்பில் ஏற்றியபடி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

பகல் 1.00, திரும்பும் வழி.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஜீப் முனகியது. படிவம் உறையில் போய், உறை ஒட்டப்பட்டு, அவன் மடியில் இருந்தது. கண்டியில் என்னை இறக்கிவிட்டு, ஹனீபா அதை அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். நாளைக் காலை கொழும்பு போய்விடும்.

சொல்லலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு வளைவு வந்தது. சொன்னால் அவன் நாணமாட்டான், சாக்கும் சொல்லமாட்டான். உடனே திருத்துவான், திருத்தியபின் இன்னும் உயர்ந்துவிடுவான். சொல்லாவிட்டால், அவனுடைய பிழையில்லாத வாழ்வில் ஒரு பிழை, அதை அறிந்தவன் நான் ஒருவன். அதை நாக்கின் கீழ் கற்கண்டுபோல் வைத்திருந்தேன். பேராதனை கடந்தது. கெட்டம்பே கடந்தது. இனித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது.

2.35, கண்டி ரயில் நிலையம்.

மூன்று மணி ரயில் மேடையில் நின்றது. சிவநேசன் எனக்காக ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்து நீட்டினான். வாங்கிக்கொண்ட கை குளிர்ந்தது. பன்னிரண்டு வீட்டுத் தண்ணீரை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சிவா, அந்தச் சரிவில் பீலி இருக்கிறது. ஊற்று. குழாயில் வெயில் காலத்தில் தண்ணீர் வராது. பாக்கியம் உன்னிடம் சொல்லச் சொன்னாள்."

"எத்தினை மணிக்குச் சொன்னவ?"

"பதினொன்றரைக்கு."

அவன் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. உறையைக் கிழித்து, முழங்கையில் படிவத்தை வைத்து அந்த வரியை வெட்டினான். பச்சைக் கோடு கோணலாக ஓடியது. அவன் கோணலாக ஒரு கோடு போட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதில் நான் எதிர்பார்த்த சுகம் இல்லை.

"ஹனீபா, திரும்பவும் கீழ போகவேணும். அளக்காமல் எழுத ஏலாது."

"இப்பவா சேர்? மஃரிப் வழியிலதான் தொழ ஈக்கி" என்றார் ஹனீபா. சாவி அதற்குள் அவர் கையில் இருந்தது.

பையை இறக்கி வைத்தேன். "நானும் வருகிறேன். இடத்தைக் காட்டுகிறேன். அடுத்த ரயிலில் போய்க்கொள்வேன்."

"வேண்டாம், அந்த மனுசி காட்டுவா" என்றான் சிவநேசன். "நீ ரயிலைப் பிடி."