தபால்காரிக்கு இட்ட மதிப்பெண்

வீடியோ விளையாட்டுக்கு விமரிசனம் எழுதும் தொழிலில், விளையாடியவரைவிட விளையாடாதவருக்கே உறுதியான கருத்துகள் மிகுதி. விடைத்தாள் திருத்தியவர்களே, மெய்ப்புப் பார்த்தவர்களே, சம்பந்தி வீட்டுச் சாம்பாரைப் பற்றி உண்மை சொல்லிவிட்டு உறவை இழந்தவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், இரண்டு ஆண்டுகளாக அம்பத்தூரில் ஒரு மாடியறையிலிருந்து வெளிவரும் விளையாட்டு விமரிசன இணைய இதழில் மொழி திருத்துகிறேன். இதழின் உரிமையாளர் கயல்விழி, மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கிய திருநெல்வேலிப் பெண். விமரிசகர் பாபு, வயது முப்பத்தாறு, நூம்பலில் தலைமுறைகளாகப் பயிர் செய்து, பின்னர் நிலத்தை மனைகளாக விற்ற குடும்பத்தவர். நாங்கள் மூவரும் சேர்ந்ததுதான் இதழ்.

இங்கே எழுதுவது ஒரே ஒரு விளையாட்டால் நாங்கள் பட்ட பாடு. ‘ஏழு மலைத் தபால்காரி’ என்பது ஒரு மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. ஹரு என்னும் பெண் ஏழு மலைகளை நடந்தே கடந்து ஊர் ஊராகக் கடிதம் சேர்ப்பாள். ஒரு கடிதத்தையும் பிரித்துப் பார்க்கமாட்டாள். படிக்கும் நமக்கும் உறைக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது. அந்தக் கதையை, மலையும் ஆறும் ஊரும் திறந்து கிடக்க எத்திசையிலும் நம் விருப்பம்போல் போகத்தக்க பெரிய விளையாட்டாக ஆக்கினார்கள். வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பிரதி எங்களுக்கு வந்தது. எங்கள் இதழுக்கு அப்படி ஒரு பெருமை வாய்த்தது அதுவே முதன்முறை. வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்கு முன் எவரும் விமரிசனம் வெளியிடக் கூடாது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை.

தொண்ணூற்றைந்து

பிரதி வந்த மூன்றாம் நாளே பாபு விமரிசனத்தை எழுதி என்னிடம் தந்துவிட்டார். மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. பதினொரு எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டு, “எத்தனை மலை கடந்தீர்கள்?” என்று கேட்டேன். “ரெண்டு, டீச்சர்” என்றார். “மீதி ஐந்து?” என்றேன். “அதான் மங்காவுல படிச்சிகீறேனே. பன்னெண்டு வருசமா படிக்கிறேன்” என்றார். அண்ணன் நன்றாகப் படித்தான் என்பதற்காகத் தம்பியின் தாளைத் திறவாமலே மதிப்பெண் இட்ட ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அவரோடு மூன்று ஆண்டுகள் நான் பேசவில்லை. கடைசிப் பக்கம்வரை புரட்டாத தாளுக்கு மதிப்பெண் போக நான் உடன்படமாட்டேன் என்று சொன்னேன்.

கயல்விழியின் கவலை வேறு. எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் அந்த மங்காவின் அன்பர்கள்; பாபு அதைப் பற்றி எழுதியதைப் படித்து வந்தவர்கள். குறைத்துப் போட்டால் அவர்கள் போய்விடுவார்கள், அடுத்த விளையாட்டின் பிரதியும் வராது. கூட்டிப் போட்டாலோ, எங்களை நம்பி வாங்கும் வாசகர் இரண்டாம் முறை நம்பமாட்டார். இதழின் சொல்லுக்கு மதிப்பு இருக்கப்போகிறதா இல்லையா என்பது இந்த ஒரு மதிப்பெண்ணில் வந்து நின்றது. “பாபு ஏழு மலையையும் முடிக்கட்டும். நானும் தனியாக முடிக்கிறேன். இருவர் மதிப்பீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்” என்றேன். மூட்டுவலிக்குப் பட்டை சுற்றியிருந்த என் விரல்களைப் பார்த்துவிட்டுப் பாபு சொன்னார்: “இது இன்னா பரமபதமா, டீச்சர்? பாம்பு கடிக்கறதுக்கு மின்னாடி கன்ட்ரோலர் கீழ வுழுந்துரும்.”

குறுக்கே வந்த ஆறு

கன்ட்ரோலர் என்பது இரு கைகளாலும் பிடிக்கும் கருவி. இடப்பக்கக் குமிழால் ஹருவை நடத்த வேண்டும்; வலப்பக்கக் குமிழால் அவள் கண்ணைத் திருப்ப வேண்டும். ஒரே நேரத்தில் ஐம்பது மாணவிகளைக் கவனித்தவள் நான். ஒரே நேரத்தில் ஒருத்தியின் காலையும் கண்ணையும் கவனிக்க எனக்கு வரவில்லை. நான் வானத்தைப் பார்த்தேன். ஹரு ஆற்றுக்குள் போனாள். மீண்டும் கரையேற்றினேன், மீண்டும் போனாள். முதல் நாள் முழுவதும் முதல் மலையின் அடிவாரத்திலேயே கழிந்தது.

மறுநாள் காலை கயல்விழி அலுவலகத்தைத் திறக்கும் முன்பே நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். எழுபது அடி நீளப் பாலம் ஒன்றை மதியத்துக்குள் கடந்தேன். என்னை எவரும் பாராட்டவில்லை. பாபு மட்டும் தம் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னார்: “இன்னும் நாலு தபா ஆத்துல வுடுங்க டீச்சர், ஹருவே நீச்சல் கத்துக்குவா.”

முதுகுவலிக் கடிதம்

விளையாட்டில் கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். ஹரு செய்யாததைத் தாமும் செய்வதில்லை என்று பாபு அதைத் தொடவே இல்லை. நான் தொட்டேன். எழுத்து என்று ஒன்று இருக்குமானால் அதைப் படித்துப் பார்க்காமல் என்னால் கடக்க இயலாது. கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் தமிழ்வழியில் பயின்றவள். ஆதலால் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். நான்கு மலைகள் கடந்து நோட்டைப் புரட்டினால், நூற்று நாற்பது கடிதங்களில் உண்மையில் இருந்தவை ஆறே கடிதங்கள். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு முதியவர் மகனுக்கு எழுதியதும், ஏழு வயதுச் சிறுமி அத்தைக்கு எழுதியதும் ஒரே கடிதம், இருவருக்கும் முதுகுவலி. மேலும் நடந்தேன். ஐந்தாம் மலைக்கு அப்பால் உறைக்குள் வெறும் தாள்தான், ஓர் எழுத்தும் இல்லை.

நோட்டைப் பாபுவிடம் நீட்டினேன். அவர் ஆறாம் மலையில் ஏறிக்கொண்டிருந்தார். “வாணாம் டீச்சர், சொல்லாதீங்க. ஹரு பிரிக்கமாட்டா” என்றார். “ஹரு பிரிக்க வேண்டா. விமரிசகர் பிரித்தே ஆக வேண்டும்” என்றேன். நெடுநேரம் அந்தப் பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தார். பிறகு ஒருமுறை அழுத்தினார். வெறும் தாள். அடுத்ததையும் அழுத்தினார், அதுவும் வெறும் தாள். கன்ட்ரோலரைப் பூனைக்குட்டியை இறக்குவதுபோல் மேசையில் வைத்தார். பன்னிரண்டு ஆண்டு அன்பு அவ்வளவு ஓசையில்லாமல் இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கேட்டார்: “அப்போ, இத்தினி நாளா வெத்துக் கவரையா தூக்கிகினு மலை ஏறினேன்?”

வினாவாரியாக

நானும் ஏழாம் மலையை ஒருவாறு முடித்த பின், வெள்ளிக்கிழமை நண்பகலில் மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தோம். மொத்த மதிப்பெண் பேசவே கூடாது. பத்துத் தலைப்பு, ஆளுக்கு ஐந்து தலைப்பு, தலைப்புக்குப் பத்து மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் காரணம் என்று விதி வகுத்தேன். கூட்டல் என் பொறுப்பு, அதை எவரும் தொட வேண்டா என்றும் சொன்னேன். மொத்தத்தில் மிகைப்படுத்தும் மனிதர், வினாவாரியாகக் கேட்டால் உண்மை சொல்லிவிடுவார். இதை மதிப்பீட்டு முகாம்களில் பல கோடைகள் கண்டிருக்கிறேன். ஆனால் முதலில் அகப்பட்டது நான்தான். ‘நடை’ என்ற தலைப்புக்கு நான் மூன்று இட்டிருந்தேன். மணிக்கணக்காக நடப்பதைத் தவிர வேறொன்றும் நிகழவில்லை என்பது என் காரணம். பாபு ஒன்றும் வாதாடவில்லை. நான்காம் மலையின் உச்சிப்பாதையைத் திறந்து, “எதையும் தேடாதீங்க டீச்சர், சும்மா நடங்க” என்றார். நடந்தேன். மழை வந்தது, ஹரு தபால் பையைத் தன் மேலாடைக்குள் இழுத்துக்கொண்டு, தான் நனைந்தபடி போனாள். நான் கட்டளை இடாமலே அவள் அதைச் செய்தாள். மூன்றை அடித்து ஒன்பது என்று எழுதினேன்; அருகில் சுருக்கொப்பமும் இட்டேன்.

அடுத்த தலைப்பு ‘உலகம்’. இது பாபுவுக்கு உரியது. ஏழு மலைகளையும் முடித்துவிட்டார். முடித்தவர் முகம் வேறு மாதிரி இருந்தது. எங்கும் பாதை உண்டு, எங்கும் பெயர்ப்பலகை உண்டு, கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. பேனாவைச் சற்று உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஐந்து என்று எழுதினார். காரணம் என்ன எழுதட்டும் என்று கயல்விழி கேட்டார். பாபு சொன்னார்: “எங்க நெலத்துல போட்ட ப்ளாட்டு மாதிரின்னு எழுதுங்க. ரோடு கீது, கல்லு நட்டுகீறான், ஊடுதான் இல்ல.”

ஏழரை மணி

மூன்று முறை கூட்டிப் பார்த்து, அறுபத்து நான்கு என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். பாபு பழைய விமரிசனத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அதில் பிழைகள் நான்கே. ஏழரைக்கு உலகெங்கும் விமரிசனங்கள் வெளியாயின. பெரிய தளங்கள் பலவும் தொண்ணூற்றுக்கு மேல் அளித்திருந்தன. மூலக்கதையின் ஆன்மா அப்படியே இருக்கிறதாம்.

கயல்விழி அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் பக்கம் மட்டும் இன்னும் வெளியாகவில்லை. ஏழு முப்பத்தாறு ஆயிற்று. மாற்றச் சொல்வார் என்றே எண்ணினேன். அப்படிச் சொன்னால் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன். அவர் பாபுவைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், வெளியிடும் பொத்தானை அழுத்தினார். பிறகு சொன்னார்: “இவ்வளவு பாத்த பொறவு மாத்துததுக்கு எனக்குக் கை வரலை டீச்சர். வருத ஏச்சை மூணு பேருமாப் பங்கு போட்டுக்கிடுவோம்.”

முதல் வகுப்பு

ஏச்சு, பங்கு போட்ட பின்னும் நிரம்ப மிஞ்சியது. விமரிசனத்தோடு என் படமும் வந்திருந்ததால் பெரும்பங்கு எனக்கு. ‘ஊட்ல வேற வேலை இல்லியா’ என்றார் ஒருவர். ‘எங்க இஸ்கூல்லயும் இதே டீச்சர்தான்யா’ என்றார் இன்னொருவர். ‘மறுகூட்டலுக்கு எங்க அப்ளை பண்ணணும்?’ என்று நூறு பேருக்குக் குறையாமல் கேட்டார்கள். அவர்களுக்கு நானே விடை எழுதினேன்: ‘தேவையில்லை. கூட்டியவள் நான்.’

ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்து, “இன்னா டீச்சர், ஹருவ ஃபெயிலாக்கிட்டீங்களாமே?” என்றார். அவரும் அந்த மங்காவின் அன்பராம். “அறுபத்து நான்கு என்பது முதல் வகுப்பு” என்றேன். அவர் ஒரு வேகத்தடையைப் பொறுமையாக ஏறி இறங்கிவிட்டுச் சொன்னார்: “பாஸ் ஆனவள யாரு டீச்சர் கண்டுக்கறாங்க? ஊரே சென்டம்தான் கேக்குது.”

மறுகூட்டல்

திங்கட்கிழமை காலை அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. பட்டாபிராமிலிருந்து நாள்தோறும் சென்ட்ரலுக்கு ரயிலில் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. “டீச்சர், நீங்க போட்ட பத்து மார்க்கையும் ஆவடியில ஒரு தபா கூட்டினேன், வில்லிவாக்கத்துல ஒரு தபா கூட்டினேன். ரெண்டு தபாவும் அறுவத்தாறுதான் வருது” என்றாள். நோட்டை எடுத்தேன். இசைக்கு இட்ட எட்டு, இணையப் பக்கத்தில் எட்டாகவே ஏறியிருந்தது; நோட்டில் என் கையெழுத்தில்தான் ஆறுபோல் வளைந்திருந்தது. கையெழுத்துக்காக எத்தனை மாணவிகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. மூன்று முறை கூட்டியபோதும் மூன்று முறையும் அதே ஆறைக் கூட்டியிருக்கிறேன்.

“ரெண்டு மார்க்குதானே டீச்சர். சத்தமில்லாம மாத்திருவோம், ஒருத்தரும் பாக்கமாட்டாவ” என்றார் கயல்விழி. முடியாது என்றேன். விமரிசனத்தின் நெற்றியில், என் பெயரிலேயே எழுதினேன்: ‘மறுகூட்டலில் இரண்டு மதிப்பெண் கூடியது. தவறு கூட்டியவருடையது.’ அன்று முழுவதும் அந்த வரியைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். சிரிக்க வேண்டியவர் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்க வந்தவர்கள் கூட்டலைத் தாமும் சரிபார்க்கப் பத்துத் தலைப்பையும் படிக்க நேர்ந்தது. மாலைக்குள், விளையாட்டை அதற்குள் வாங்கியிருந்த பலர் தத்தம் உறைகளைப் பிரித்துவிட்டு முதுகுவலியைப் பற்றி எங்களுக்கு எழுதத் தொடங்கினார்கள். பாபு ஒவ்வொருவருக்கும் விடை எழுதினார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சொல்வதுபோல், சுருக்கமாக.

திருத்தம் வந்துவிட்டது என்று சொல்ல, நானே அந்தப் பெண்ணை அழைத்தேன். ரயில் ஓசைக்கு மேலே குரல் உயர்த்தி அவள் சொன்னாள்: “அறுவத்தாறு கரெக்ட்டு டீச்சர், ஒத்துக்கறேன். ஆனா ஹரு கவரப் பிரிக்கமாட்டா, நானும் பிரிக்கல. உங்க கூட்டல மட்டுந்தான் பிரிச்சிப் பாத்தேன்.”

இப்போதெல்லாம் எங்கள் இதழில் கூட்டலைப் பாபு பார்க்கிறார், பிழையை நான் பார்க்கிறேன். இந்த ஏற்பாட்டுக்கு இதுவரை எவரும் மறுகூட்டல் கேட்கவில்லை.