றீத்தா அன்ரிக்கு உரித்த கஜு

பச்சைக் கஜு, அதுதான் முந்திரிக்கொட்டை, உரிக்கும்போது ஒரு வாசம் வரும். கஜுப்பாலும், கையில் பூசிய தேங்காய் எண்ணெயும், மே மாத வெயிலும் கலந்த வாசம். அது எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். பசியால் இல்லை... பொறாமையால்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கற்பிட்டிப் பக்கம் ஒரு கரையோர ஊரில்தான் எனக்கு முதல் டீச்சர் வேலை. கல்யாணம் கட்டிய கையோடு என்னவர் கட்டாருக்குப் போய்விட்டார். நான் வாடகைக்கு இருந்த அறைக்கு அடுத்த வளவில் பிலிப்பு அங்கிளும் றீத்தா அன்ரியும். அங்கிள் பஸ் ட்ரைவராக இருந்து பென்சன் எடுத்தவர். அன்ரி ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்தவர். பிள்ளைகள் எல்லாம் கொழும்பில்.

காலையில் இருவரும் ஒரே சைக்கிளில் பூசைக்குப் போவார்கள். மணல் ஒழுங்கையில் திரும்பும்போதும் அங்கிள் பழக்கதோஷத்தில் கையை நீட்டிக் காட்டுவார்.

"பின்னால ஒரு நாய்கூட வரேல்ல. ஆருக்குக் காட்டுறீங்க?" என்று பின்னால் இருந்து அன்ரி.

வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டதும் சண்டை தொடங்கும். றேடியோ சத்தத்துக்கு... மீன் குழம்பில் புளி கூடியதற்கு... ஜன்னலைச் சாத்தாமல் விட்டு, கச்சான் காற்று வீடு முழுக்க மண்ணை அள்ளிக் கொட்டியதற்கு... சனிக்கிழமை ஆனால் இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தையே இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும்.

அப்போது எங்கள் மாதா கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். இவர்கள் இருவரும் நடுப்பாதையை ஒட்டி, உட்காரும் வாங்கின் நுனியில், நேருக்கு நேராக இடம் பிடிப்பார்கள். பூசையில் சமாதானம் தெரிவிக்கும் நேரம் நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகூப்பித் தலை குனிவோம். இவர்கள் முதலில் பாதைக்குக் குறுக்கே ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிடுவார்கள். அவ்வளவுதான்... அந்தக் கிழமைச் சண்டை முடிந்துவிடும். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் ஒரே சிரிப்பு.

பின் வாங்கில் நின்று நான் பொருமுவேன். எனக்கும் புருஷனோடு சண்டை இருந்ததுதானே! கொம்யூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று போன் எடுத்தால், சண்டை தொடங்க நேரம் இருக்கும், முடிக்க நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நான் யாரைப் பார்த்துக் கும்பிடுவது?

அந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் பண்ணிட்டன்" என்றார் என்னவர் போனில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அங்கிள் கஜு மரத்தடியில் கதிரை போட்டு உரித்துக்கொண்டிருந்தார். அன்ரிக்குக் கஜுக்கறி என்றால் உயிர். பால் பட்டால் கை வெந்துவிடும் என்று அன்ரியை உரிக்க விடமாட்டார்; தன் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு தானே உரிப்பார். என் முகத்தைப் பார்த்தவர், உரித்து வைத்ததைக் கோப்பையோடு வேலிக்கு மேலால் நீட்டினார்.

"இந்தா புள்ள, கறி வச்சுச் சாப்பிடு."

சாப்பிட்டேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் பூசையில் அங்கிள் கைகூப்பினார். அன்ரி திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவருக்குத் தலை குனிந்துவிட்டுப் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிள் கூப்பிய கையோடு அப்படியே நின்றார்.

பாவம் என்று நினைத்தேனா? எங்கே! உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரட்டுமே என்று.

பின்னேரம் அன்ரி வேலியடிக்கு வந்தார்.

"அந்தக் கோப்பையத் தா."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"கறி நல்லா இருந்ததா?"

"ஓம் அன்ரி."

"இருக்கும்... கல்யாணம் கட்டின நாளில இருந்து எனக்கெண்டு மட்டும் உரிச்ச கை."

அன்ரிக்கு என்மேல் பொறாமையா? நான் அல்லவா இவ்வளவு நாளும் அவரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்!

அந்தக் கிழமை முழுக்க அங்கிள் மரத்தடியில்தான். கோப்பைகள் நிறைந்தன. அன்ரி ஒன்றையும் அடுப்பில் ஏற்றவில்லை.

அடுத்த ஞாயிறு சமாதான நேரம். அங்கிள் கைகூப்பவில்லை. வாங்கை விட்டு நடுப்பாதையைக் கடந்து போய், அன்ரிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் எல்லாம் வெந்து, கறுத்து, தோல் கழன்று...

"எண்ணெய் பூசேல்லயா?" அன்ரி கேட்டது பின் வாங்கு வரைக்கும் கேட்டது.

"மறந்துட்டன்."

"பொய்" என்று சொல்லி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் அடுத்த செபத்தைத் தொடங்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் வேலியைத் தாண்டிக் கஜுக்கறி வாசம் வந்தது. எனக்கு ஒரு கரண்டி கூட வரவில்லை.

இப்போது இருவரும் சேமக்காலையில் பக்கத்துப் பக்கத்துக் கல்லறையில். அங்கேயும் சேர்ந்துதான்! என்னவருடைய 'ரெண்டு வருஷம்' நீண்டு நீண்டு, ஒருவழியாக அவரும் வந்து சேர்ந்தார். நானும் பென்சன் எடுத்து இந்த ஊரிலேயே இருக்கிறேன். கோயிலில் ஃபேன் பூட்டியாயிற்று. இளசுகள் குடும்பமாக ஒரே வாங்கில் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற பழசுகள்தான் இன்னும் பக்கம் பிரிந்து இருக்கிறோம். நான் நடுப்பாதை ஓரம். அவரும் நேரே அந்த ஓரம். நான்தான் அந்த இடத்தைக் காட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை வேண்டுமென்றே சண்டை பிடித்தேன். மீனுக்கு உப்புக் கூடிவிட்டது என்று அவர் சொன்னதற்கு. இரவு பேசவில்லை, காலையிலும் பேசவில்லை.

சமாதான நேரம் வந்தது. நான் பக்கத்தில் ஒருவருக்கும் தலை குனியாமல் பாதைக்குக் குறுக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தில் நின்றவருக்கு, முன்னால் நின்றவருக்கு, பின்னால் நின்றவருக்கு எல்லாம் நல்ல பக்தியாகக் கைகூப்பினார். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

திரீவீலில் வீட்டுக்கு வரும்போது கேட்டார்:

"என்ன, ஒண்டும் பேசாம வாறாய்? வெயில் ஒத்துக்கொள்ளேல்லயா?"

நாங்கள் சண்டையில் இருந்ததே மனுஷனுக்குத் தெரியாது...

"ஓம்" என்றேன். "வெயில்தான்."